முன்பணத்தோடு மறையும் இணையப் பணியாளர்கள்: இராமநாதபுரம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபம் முதல் சாயல்குடி வரையிலான கடற்கரையில் கருவாடு, கருப்பட்டி, மிளகாய்ப் பொடி, பனையோலைப் பெட்டி என்று விற்றுப் பிழைக்கும் மகளிர் குழுக்களில் ஒன்றின் கணக்கைப் பார்த்துவருபவள் நான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் இதை மனுவாகவே கொடுத்திருக்கலாம். மனு என்றால் ஏதாவது ஒரு துறைக்கு அனுப்பப்படும். நான் சொல்லவருவதோ எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்காமல் நிற்பதால், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

லேபிள் வரைந்து தருகிறேன், இணையதளம் அமைத்துத் தருகிறேன், பொருளைப் படமெடுத்து விற்பனைத் தளத்தில் ஏற்றித் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு, வேலையை முடிக்காமலே தொடர்பை அறுத்துக்கொள்ளும் தனிப் பணியாளர்களைப் பற்றியது இந்த மடல். எங்கள் குழு அப்படி இழந்தது 12,000 ரூபாய். உங்கள் கோப்புகளில் வரும் தொகைகளுக்கு முன்னால் இது சிறிது என்பது தெரியும். ஆனால் அது சேமிப்பிலிருந்து எல்லாரும் கையெழுத்துப் போட்டு எடுத்த பணம். அது திரும்பாதபோது, கணினி வேலைக்கு இனி ஒரு பைசாவும் கொடுக்கக் கூடாது என்று குழுவே முடிவெடுத்துவிடுகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அப்போது சரக்கு குறைவு, கையில் நேரம் அதிகம் என்பதால் இத்தகைய வேலைகளை அந்த நாள்களில்தான் தொடங்குவோம். படகுகள் மறுபடி கடலுக்குப் போகும்போது லேபிள் தயாராக இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, பொதி செய்த மாதமும் ஆண்டும், முகவரி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் ஆகியவை இல்லாத பொட்டலத்தை மதுரைக் கடைக்காரர் வாங்கி வைக்க மாட்டார். நாங்கள் பிடித்த பணியாளர் முழுத் தொகையையும் முதலிலேயே கேட்டார், கொடுத்தோம். ஒரு மாதிரிப் படம் வந்தது. நெத்திலிக் கருவாட்டுக்கான லேபிளில் கேரளத்துக் காயலும் படகுவீடும் இருந்தன. உரிம எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுழியங்கள். திருத்தித் தருகிறேன் என்றார். பிறகு வீட்டில் காய்ச்சல், பிறகு மடிக்கணினி பழுது, பிறகு நாங்கள் அனுப்பும் செய்திகளுக்கு ஒற்றை டிக் மட்டும். எங்கள் பெயரில் வாங்கித் தந்ததாகச் சொன்ன இணைய முகவரியும் அவருடைய மின்னஞ்சலிலேயே பதிவாகியிருந்ததால், கடவுச்சொல்லை மாற்ற முயன்றால் ஓடிபி அவருடைய கைப்பேசிக்குத்தான் போகிறது.

முன்பணம் என்பது இந்தக் கரைக்குப் புதிதன்று. வியாபாரியிடம் படகுக்காரர் வாங்குகிறார், படகுக்காரரிடம் கடலுக்குப் போகிறவர் வாங்குகிறார், பாசி எடுக்கும் பெண்களும் வாங்குகிறார்கள். அந்த முறையில் விலை குறைத்துக் கொடுக்க வேண்டிய கொடுமை உண்டு என்றாலும் பணம் பெரும்பாலும் மறைந்துபோவதில்லை, ஏனெனில் வாங்கியவர் மறுநாளும் அதே கரையில்தான் இறங்கியாக வேண்டும். அந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த நாங்கள், முகம் தெரியாத ஒருவருக்கு யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போதும் அதே நம்பிக்கையோடு அனுப்பிவிடுகிறோம். இங்கே அவரை மறுபடி நம் கரைக்குக் கொண்டுவரும் கட்டாயம் எதுவும் இல்லை.

பணம் போன பிறகு எங்கே போவது? காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். கோபம் வந்தது, ஆனால் சட்டத்தைப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி மோசடி என்று சொல்ல, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பின்னால் வேலையைச் செய்யாமல் விட்டது மட்டும் போதாது. பொய்ப் பெயர், பிறர் செய்த வேலையைத் தன்னுடையதாகக் காட்டியது, ஒரே காலத்தில் பல குழுக்களிடம் இதே கதையைச் சொன்னது போன்றவை அந்த எண்ணத்துக்குச் சான்றாகலாம், ஆனால் ஒவ்வொரு குழுவும் தனித்தனியே புலம்பிக்கொண்டிருக்கும்வரை அந்தச் சான்றுகள் ஓரிடத்தில் சேர்வதே இல்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண், பணம் கைமாறிய உடனே தெரிவிப்பவர்களுக்குத்தான் அதிகம் பயன்படும்; எங்களைப் போன்றவர்களுக்கு ஏமாந்தது புரியவே மாதங்கள் ஆகின்றன.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று பலரும் சொல்கிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவையைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பவருக்குத் தரும் சலுகையும் அவர் வாங்கும் பொருளைத்தான் குறிப்பிடுகிறது. பெறும் சேவையும் பழைய சட்டத்தில் சேர்ந்திருந்தது, புதியதில் இல்லை. எனவே அங்கே போனாலும் வழக்கு நிற்குமா என்பதிலேயே வாதம் தொடங்கிவிடும். சிவில் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு, ஆனால் 12,000 ரூபாய்க்காக வழக்கறிஞர் வைத்து வெளியூர்க்காரர் ஒருவர்மீது வழக்கு நடத்தும் குழு எதுவும் இருக்காது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் பணம் வராமல் தவிக்கும் சிறு நிறுவனத்துக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தில் 45 நாள் கெடுவும் கூட்டு வட்டியும் வசூலித்துத் தர ஒரு மன்றமும் இருக்கின்றன. பணத்தைக் கொடுத்துவிட்டு வேலை வராமல் தவிக்கும் சிறு நிறுவனத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

ஆகவே நான் தங்களிடம் கேட்பது தண்டனை அன்று. குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, பெயர் போட்டுப் பொட்டலத்தில் விற்கும் ஆசை எங்களுக்குக் கூடியிருக்கிறது. பயிற்சிகளிலும் இணையத்தில் விற்கச் சொல்கிறார்கள். அந்தப் பயிற்சிகளிலேயே, ஒரே பக்கத்தில் எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைக் கொடுக்கும்படி தாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும். தொகையில் மூன்றில் ஒரு பங்கு தொடக்கத்தில், இன்னொரு பங்கு முதல் மாதிரி ஏற்கப்பட்ட பின், மீதி அச்சுக்குரிய மூலக் கோப்பு கைக்கு வந்த பின் என்று அதில் இருக்கட்டும். இணைய முகவரி வாங்குபவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும்தான் பதிவாக வேண்டும், கெடு தாண்டினால் எத்தனை நாளில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டதும் ஒப்பந்தமாக நிற்கக்கூடியதே என்பதால் உரையாடலை அழிக்கக் கூடாது என்று அந்தத் தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தால் நல்லது. உப்புக் காற்றில் கைப்பேசி கெட்டுப்போய்ச் சான்றும் அதோடு போய்விடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. அது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதன்று. மாவட்ட நீதிபதியின் தலைமையில் இயங்குவது. ஆயினும் தாங்கள் எழுதிக் கேட்டுக்கொள்ளலாம். வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்திலேயே இருக்கிறது. நீதிமன்றத்துக்கு வராத தகராறையும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம், முடித்தால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டால்தான் தீர்வு என்பது உண்மையே. ஆனாலும் எங்கள் செய்திக்கு வராத பதில், முத்திரையிட்ட அழைப்புக்கு வரும் என்றே நினைக்கிறேன். மண்டபத்திலும் கீழக்கரையிலும் இதற்கென அவ்வப்போது ஓர் அமர்வு நடந்தால், பல குழுக்களிடம் வாங்கித் தின்ற ஒரே ஆள் யார் என்பதும் அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. சொன்ன வேலையைச் சொன்ன நாளில் முடித்துத் தரும் பிள்ளைகள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள், அவர்களில் சிலருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். நான் கேட்கும் ஒப்பந்தம் அவர்களுக்கும் சேர்த்தே. மாவட்டத் தொழில் மையம் அவர்களை அழைத்து, செய்த வேலைகளைச் சரிபார்த்து ஒரு பட்டியலாக வைத்திருந்தால், யாரிடம் போவது என்று தெரியாமல் ஏதோ ஒரு விளம்பரத்தை நம்பும் நிலை எங்களுக்கு வராது.

எங்களிடம் உள்ள உரையாடல் பதிவுகள், பணம் அனுப்பிய ரசீதுகள், அந்தப் படகுவீட்டு லேபிள் ஆகியவற்றைத் தாங்கள் குறிக்கும் அலுவலரிடம் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறோம். இதே நிலையில் இருக்கும் மற்றக் குழுக்களையும் அழைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
மகளிர் குழுவொன்றின் கணக்குப் பொறுப்பாளர்,
மண்டபம் வட்டாரம்