லாட்ஜ் என்றால் விடுதி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த லண்டன் பயணக் கட்டுரையில், கியூ தாவரவியல் பூங்காப் படம் ஒன்றின் கீழே ‘டெம்பரேட் ஹவுஸ் லாட்ஜ், பழைய தங்கும் விடுதி’ என்று போட்டிருக்கிறீர்கள். நம்மூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்கு விடுகிறார்களே, அந்த லாட்ஜ் அல்ல இது. இங்கிலாந்தில் பெரிய எஸ்டேட், பூங்காக்களின் வாசலில் காவலர் குடும்பத்தோடு குடியிருக்கக் கட்டிய சிறு வீட்டுக்கும் லாட்ஜ் என்றுதான் பெயர்.

பெயர்ப் பிழை போகட்டும். அந்த வீட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே என்பதுதான் என் மனக்குறை. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பூங்காவில் செடிகள் வளர்க்கும் கண்ணாடி மாளிகைகளைப் பார்த்த நேரத்தைவிட இதைச் சுற்றிவந்த நேரம் எனக்கு அதிகம். சதுரமான செங்கல் வீடு. ஒரு தளம்தான், அதன்மேல் நான்கு பக்கமும் சரிந்து ஏறும் செங்குத்தான கூரை, அதிலிருந்து எட்டிப் பார்க்கும் ஜன்னல்கள். உச்சியில், வீட்டின் அளவுக்குக் கொஞ்சமும் அடங்காத பருமனில் ஒரு புகைபோக்கி! முதலில் சிரிப்புத்தான் வந்தது. சுற்றிவந்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாசல் வீட்டுக்குக் கொல்லைப்புறம் என்று ஒன்றை ஒளித்துவைக்க முடியாது. சாலையில் போகிறவரும் பார்ப்பார், தோட்டத்தில் நடக்கிறவரும் பார்ப்பார். புகைபோக்கியை நடுவில் நிறுத்தியதால் எந்தப் பக்கமும் முகப்பாகவே நிற்கிறது.

கட்டிய ஆண்டு 1867. வடிவமைத்தவர் வில்லியம் ஈடன் நெஸ்ஃபீல்டு. இவருடைய தந்தைதான் கியூவின் நீண்ட மரச்சாலைகளை வகுத்தவர். கூர்வளைவுகளோடு கோத்திக் பாணி கொடிகட்டிப் பறந்த காலம் அது. மகனோ பதினேழாம் நூற்றாண்டின் செங்கல் வேலைக்குத் திரும்பினார். அதே பூங்காவில் 1631இல் எழுந்த கியூ அரண்மனையே அதற்குக் கண்ணெதிரே இருந்த முன்மாதிரி. பிற்பாடு இந்தப் போக்குக்கு ‘ராணி ஆன் பாணி’ என்று பெயர் வந்தது. ஆண்டுகொண்டிருந்தவர் விக்டோரியா, பெயர் 1714இல் மறைந்த ராணிக்கு! நெஸ்ஃபீல்டின் கூட்டாளியான நார்மன் ஷா அதை நகரத்து வீடுகளுக்குக் கொண்டுபோனார். அந்தப் பாணிக்கு முன்னோடிகளில் ஒன்று இந்தக் காவலர் வீடு.

அடுத்த இதழில் ‘வாசல் காவலர் வீடு’ என்று திருத்தம் போட வேண்டுகிறேன். கூடவே கட்டுரையாளருக்கு ஓர் எச்சரிக்கை: கென்சிங்டனில் ஷா கட்டிய லௌதர் லாட்ஜ் விடுதியும் அல்ல, காவலர் வீடும் அல்ல. அது மாளிகை, இப்போது ராயல் புவியியல் சங்கம் அங்கேதான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
கும்பகோணம்