இரண்டாம் நடுவராக நின்றவருக்கு

பல வருட இடைவெளிக்குப் பிறகு பிள்ளைகளின் வாலிபால் போட்டிக்கு நடுவராகத் திரும்பினேன். நான் முன்பு விசில் ஊதிய காலத்தில் சர்வீஸ் போட்ட அணி ஜெயித்தால்தான் புள்ளி. இப்போது ஒவ்வொரு ரேலிக்கும் (சர்வீஸிலிருந்து பந்து விழும்வரை நடக்கும் ஆட்டம்) புள்ளி, செட் 25 வரை. சர்வீஸ் நெட்டில் பட்டுத் தாண்டினாலும் ஆட்டம் தொடரும். விதிகளைப் படித்திருந்தேன், ஆனால் கை தயங்கியது.

கேட்காமலேயே முன்கூட்டி வந்து, லிபரோ (பின்வரிசையில் மட்டும் ஆடும் தற்காப்பு ஆட்டக்காரர்) எங்கே மாறுவார் என்று கோட்டருகே நடந்தே காட்டினீர்கள். அப்புறம் ஆட்டம் முழுக்க, ரேலி முடிந்ததும் என் கண்ணைப் பார்த்து, நெஞ்சருகே விரலால் மட்டும் சைகை. பயிற்சியாளர்கள் யாரும் கவனிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நியாயமான ஆட்டம் கிடைத்தது உங்களால்தான்.

பெயர் கேட்பதற்குள் அடுத்த ஆட்டத்துக்குப் போய்விட்டீர்கள். இது உங்களை எட்டினால், மனமார்ந்த நன்றி. இன்னொரு முறை உங்களோடு நிற்க ஆசை.