செய்திக்கும் வேண்டும் முன்கதைச் சுருக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இளைஞர்கள் செய்தி படிப்பதில்லை என்ற குறை தங்கள் பக்கங்களில் அடிக்கடி வெளிவருகிறது. குறை உண்மைதான் என்றாலும், சோம்பலையும் கைபேசியையும் காரணம் காட்டி முடித்துவிடுவதை ஏற்க இயலவில்லை. ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் பல நாடுகளில் ஆண்டுதோறும் நடத்தும் கணிப்பில், அவ்வப்போதோ அடிக்கடியோ செய்தியைத் தவிர்ப்பதாகச் சொன்னவர்கள் 2017இல் 29 விழுக்காடு. 2025இல் 40 விழுக்காடு. இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. ஒதுங்குவது பிள்ளைகள் மட்டுமல்லர்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அண்மையில் நாளிதழில் வந்த தீர்ப்புச் செய்தி ஒன்றை முழுவதும் படித்துவிட்டு, "அப்பா, இது என்ன வழக்கு? யார் யார்மேல் போட்டது?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். அமர்வு, மேல்முறையீடு, ஒத்திவைப்பு எல்லாம் இருந்தன. வழக்கு எதைப் பற்றியது என்று ஒரு வரி இல்லை. பல ஆண்டுகளாகப் படித்துவரும் எனக்கு அந்த வரி தேவைப்படாததால், அது இல்லாததே கண்ணில் பட்டதில்லை. தொடர்கதைக்கு முன்கதைச் சுருக்கம் போடும் வழக்கம் நம் இதழ்களுக்கு உண்டு; செய்திக்கு மட்டும் ஏன் இல்லை? முப்பது நொடிக் காணொளியில் பேசுகிறவர், சரியோ தவறோ, கதையை முதலிலிருந்து சொல்கிறார். பிள்ளைகள் அங்கே போய்விடுகிறார்கள்.

இதனால் மக்களாட்சிக்கு நேரும் கேடு பொதுத்தேர்தலில் உடனே தெரிவதில்லை. உள்ளாட்சியில்தான் முதலில் தெரியும். அமெரிக்காவில் 2007ஆம் ஆண்டின் கடைசி நாளோடு 'சின்சினாட்டி போஸ்ட்' நாளிதழ் நின்றுபோன பிறகு, அதை அதிகம் நம்பியிருந்த வடக்குக் கென்டக்கி ஊர்களில் உள்ளாட்சிப் பதவிகளுக்குப் போட்டியிடுவோர் குறைந்ததையும், பதவியில் இருப்போரே மீண்டும் வெல்லும் வாய்ப்புக் கூடியதையும், வாக்குப்பதிவு சரிந்ததையும் இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து எழுதினர். சிறிய ஆய்வுதான். அங்கே பத்திரிகை நின்றது. பத்திரிகை நாள்தோறும் வந்தும் படிக்க ஆளில்லை என்றானால், விளைவு பெரிதும் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே, நீண்டநாள் தொடரும் வழக்கு, சட்டத்திருத்தம், வரவுசெலவுத் திட்டம் ஆகியவை பற்றிய ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும், இதுவரை நடந்ததைக் கட்டம் கட்டி மூன்று வரியில் தருமாறு வேண்டுகிறேன். இடமில்லை என்று சொல்லிவிடாதீர்கள். முதல் பக்கத்தை முழுதாக விளம்பரத்துக்குக் கொடுக்கும் நாள்களை நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்