எஸ்எம்பிஎஸ்ஸின் ஆம்பியரையும் பில்லில் எழுதுங்கள்: கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிகளுக்கும், பல்லடத்துக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரன் எழுதுவது. சுவரிலிருந்து வரும் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் பற்றித்தான் பேச்சு.

ஒரு மோட்டார் என் பட்டறைக்கு வந்தால் முதலில் அதன் தகட்டைத்தான் பார்ப்பேன். எத்தனை எச்பி, எத்தனை ஆம்பியர், எத்தனை சுற்று. தகடு மங்கிப் போயிருந்தால் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் படித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பேன். 1932-ல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கரண்ட் இறங்கி வந்த பிறகு மில்லும் பவுண்டரியும் பம்ப்செட்டுமாக வளர்ந்த சீமை இது. இங்கே கிணற்றுக்கு மோட்டார் வாங்க வரும் விவசாயி எச்பியையும், தண்ணீரை எவ்வளவு உயரம் ஏற்றும் என்கிற ஹெட்டையும் விசாரிக்காமல் மடியிலிருந்து பணத்தை எடுக்கமாட்டார். அவர் வீட்டுப் பையன் கம்ப்யூட்டர் வாங்க வந்தால் மட்டும் நாம் ஏன் தகட்டைக் காட்டுவதில்லை?

என் மகன் இன்ஜினியரிங் சேர்ந்தபோது 68,000 ரூபாய்க்கு ஒரு செட் போட்டுக் கொடுத்தேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. கொட்டேஷனில் பிராசசர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 என்று ஒவ்வொன்றுக்கும் பேரும் மாடலும் இருந்தன. கடைசி வரி மட்டும் ‘கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ் 500 வாட்ஸ்’. என்ன கம்பெனி, என்ன மாடல், ஒன்றும் இல்லை. நானும் அன்றைக்கு அந்த வரியைத் தாண்டித்தான் போனேன்.

படிப்பு வேலை, பிரவுசிங் எல்லாம் நன்றாக ஓடியது. கேம் திறந்து பத்து நிமிஷம் ஆனால் திரை கறுத்து, மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸைக் குறை சொல்லி மூன்று முறை பார்மட் அடித்தார்கள். அடுத்து ரேம் மேல் சந்தேகம், அதற்கடுத்து கார்டு மேல். இப்படியே இரண்டு மாதம் போனது. ஒருநாள் ராத்திரி ‘பட்’டென்று சத்தம் கேட்டு ஓடினேன். காயில் எரிந்த மோட்டார் வாடை எனக்குத் தெரியும். அது அப்படியே அறை முழுக்க நின்றது. மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டது.

அன்றைக்குத்தான் அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்தேன். சோப்புப் பெட்டி மாதிரி லேசாக இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 500 வாட்ஸ். ஸ்டிக்கரின் ஓரத்தில் பொடி எழுத்தில் +12 வோல்ட், 17 ஆம்பியர். பெருக்கினால் 204 வாட்ஸ்தான் வருகிறது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் லைனில்தான். ரைசன் 5 5600 முழுவேகத்தில் 76 வாட்ஸ் வரை இழுக்கும், 3060 கார்டு 170 வாட்ஸ். இந்த இரண்டுக்கே 246 வாட்ஸ் ஆச்சு. இருபது ஆம்பியருக்கு மேலே. 3 எச்பி மோட்டாரில் 5 எச்பி பம்பை மாட்டி ஓட்டிய கதைதான்.

இன்னொன்றையும் பார்த்தேன். அதில் கார்டுக்கான எட்டு பின் ஒயரே கிடையாது. டிஸ்க், ஃபேனுக்கான பழைய நாலு பின் கனெக்டரான மாலெக்ஸ் இரண்டின் முனையிலிருந்து கன்வெர்ட்டர் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்த இரண்டு மாலெக்ஸும் ஒரே மஞ்சள் ஒயரில் கோத்தவை. கார்டுக்குப் போகவேண்டிய பத்து ஆம்பியர் அளவுக்கான கரண்ட் முழுவதும் அந்த ஒற்றை ஒயரில். எட்டு பின் ஒயரில் அதே வேலைக்கு 12 வோல்ட் ஒயர் மூன்று இருக்கும். வெள்ளையாக இருந்த கனெக்டர் டீத்தூள் நிறத்துக்கு வந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிள்ளை அந்த மேசையடியில்தான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

கணக்கு பெரிய கணக்கு இல்லைங்க. பிராசசர் உச்சத்தில் இழுப்பது, கார்டு இழுப்பது, போர்டு, டிஸ்க், ஃபேனுக்கு ஐம்பது, அறுபது வாட்ஸ். மூன்றையும் கூட்டினால் எங்கள் செட்டுக்குச் சுமார் 300. அதற்கு 550 வாட்ஸ் போடச் சொல்லி கார்டு தயாரித்த என்விடியாவே எழுதி வைத்திருக்கிறது. ஏன் அவ்வளவு இடைவெளி என்று காயில் கட்டுபவனுக்குச் சொல்லத் தேவையில்லை. நேரடியாக ஸ்டார்ட் செய்தால் மோட்டார் ஓடும் ஆம்பியரைப்போல ஐந்தாறு மடங்கு இழுத்துத்தான் எழும். கிராபிக்ஸ் கார்டும் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவான பொழுதுக்குத் தன் அளவைத் தாண்டித் துள்ளும். பெரிய கார்டுகளில் துள்ளல் இன்னும் அதிகம். 2022-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறையே, பெரிய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் 100 மைக்ரோ விநாடி நேரம் தன் வாட்டேஜில் இரு மடங்கைத் தாங்க வேண்டும் என்கிறது.

‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரையைக் காட்டி முடித்துவிடாதீர்கள். சுவரிலிருந்து வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் மெஷினுக்குப் போகிறது என்பதற்கான சான்று அது. ஷார்ட் ஆனால், லோடு மீறினால் தானாக நின்றுகொள்ளுமா என்பதை அது சொல்லாது. அதற்கு உள்ளே பாதுகாப்பு சர்க்யூட் இருக்கிறதா என்று மாடலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஐந்து வருஷம், ஏழு வருஷம் வாரண்டி கொடுக்கும் கம்பெனி அதைச் சும்மா கொடுப்பதில்லை.

அதே மாதிரி, 300 வாட்ஸ் செட்டுக்கு 1000 வாட்ஸ் தள்ளிவிடுவதும் சரியில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல மானிட்டர் வாங்கிக்கொள்ளட்டும். பெற்றவர்களிடமும் ஒரு வார்த்தை பேசுங்கள். ‘650 வாட்ஸ் போட்டா கரண்ட் பில்லு எகிறுமேங்க’ என்று கேட்பார்கள். மெஷின் கேட்பதைத்தான் எஸ்எம்பிஎஸ் இழுக்கும். 300 வாட்ஸ் வேலைக்கு, 85 சதவீதத் திறனில், சுவரிலிருந்து 353 வாட்ஸ் போகும். தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாத பில்லில் சுமார் 63 யூனிட். 550 போட்டாலும் 650 போட்டாலும் ஏறக்குறைய இதேதான்.

எர்த் பற்றியும் சொல்லுங்கள். மூன்றாவது பின்னில் எர்த் இல்லாத வீட்டில், வெறுங்காலோடு கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். தறிக்குடோனை ஒட்டிய பழைய லைன் வீடுகளில் நானே பலமுறை பார்த்திருக்கிறேன். பொருளைக் கொடுத்து அனுப்புவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் போதும்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான். பில்லில் எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தனி வரி கொடுங்கள். கம்பெனி, மாடல், வாட்ஸ், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், வாரண்டி எத்தனை வருஷம் என்று எழுதுங்கள். எட்டு பின் ஒயர் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸில் கன்வெர்ட்டர் போட்டுக் கார்டை மாட்டித் தராதீர்கள். வாடிக்கையாளர் ‘பணம் பத்தலீங்க’ என்றால் கலர் லைட் ஃபேனையும் கண்ணாடி கேபினெட்டையும் குறையுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள். கடைசியில் நான் வாங்கிப் போட்ட 550 வாட்ஸின் விலை 4,200 ரூபாய். முதல்நாளே அதைச் சொல்லியிருந்தால் யோசிக்காமல் கொடுத்திருப்பேன்.

கருகிய அந்த கனெக்டர் என் பட்டறை மேசையில்தான் இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கப்போகும் பையன்கள் இப்போது என்னிடம் வந்து எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்கிறார்கள். அதைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு, ஆம்பியரை எழுதிக் கொடுக்கும் கடைக்குப் போங்க கண்ணு என்கிறேன். அப்படி ஒரு பில் உங்கள் கடையிலிருந்து வந்தால் எனக்கும் ஒன்று காட்டச் சொல்லுங்கள். அடுத்து வரும் பையனை உங்களிடமே அனுப்பி வைக்கிறேன்.