போட்டோவின் ஓரத்தில் நிற்பவள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. தம்பி வேலை மாறப்போகிறானாம், அதை அவனே உன்னிடம் சொல்வான். நானும் நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. பேச்சுவாக்கில்தான் சொன்னாய். குட்டியின் கையெழுத்து திடீரென்று மோசமாகிவிட்டது, டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள், எதைக் கொடுத்தாலும் கீழே போடுகிறாள், அதட்டினால் முகத்தைக் கோணுகிறாள், தொட்டதற்கெல்லாம் அழுகிறாள் என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அங்கே ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. "ஒன்பது வயசாகுது, ஒரு டம்ளரை ஒழுங்கா பிடிக்கத் தெரியாதா?" என்று நீ கத்தினாய். நான் "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அதன்பிறகு மூன்று தடவை உன் நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன்பே நிறுத்தினேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதி முடித்ததும் தம்பியிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. வேலையையும் வீட்டையும் தனி ஆளாக நீ இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். நான்கு தடவை கூப்பிட்டால் ஒரு தடவைதான் எடுக்கிறாய், எடுத்தாலும் "எல்லாம் சரிதாம்பா" என்று முடித்துவிடுகிறாய், அது மட்டும்தான் எனக்குக் குறை. சரி, அது கிடக்கட்டும்.

கூடத்தில் மாட்டியிருந்த பெரிய போட்டோ உனக்கு நினைவிருக்கும். தாத்தாவும் பாட்டியும் நாற்காலியில், நாங்கள் எல்லோரும் சுற்றி நிற்பது. ஏழு வயதில் ஒருநாள் ஸ்டூல் மேல் ஏறி நின்று தலைகளை எண்ணினாய். "எட்டு பேர்தானே நீங்க, இதுல ஒன்பது பேர் இருக்காங்களே?" என்றாய். வலது ஓரத்தில் ஒரு பெண், சட்டத்தின் விளிம்பு பாதித் தோளை மறைத்திருக்கும். "அது பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்று சொன்னேன். நீயும் நம்பினாய். இத்தனை வருஷமாக அதை நான் திருத்தவே இல்லை.

அவள் என் தங்கச்சி. உனக்கு மூன்று அத்தை என்றுதான் நீ கணக்கு வைத்திருக்கிறாய், நான்கு பேர். நான் நான்காவது, அவள் ஆறாவது. ஒன்பது பேர் இருந்த வீட்டில் ஆறாவதாகப் பிறப்பது என்னவென்று, ஒரே ஒரு தம்பியோடு வளர்ந்த உனக்குப் புரியாது. பெரியத்தையின் சட்டையை அவள் போட்டாள், அவள் போட்டதைச் சின்னத்தை போட்டாள். தங்கச்சி போன பிறகு அவளுடைய நோட்டுகளில் எழுதாமல் மிச்சமிருந்த தாள்களைக்கூட கிழித்துத் தைத்து ஒரு சித்தப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுமை என்று யாரும் நினைத்துச் செய்யவில்லை, காகிதம் வீணாகக்கூடாது என்றுதான் செய்தார்கள். அதனால் அவளுடையது என்று வீட்டில் ஒரு பொருள்கூட மிஞ்சவில்லை, அந்தப் போட்டோவைத் தவிர.

அவள் குரல் எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. துணி மடிக்கும்போது ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மடிப்பாள், அந்த முணுமுணுப்பு இருந்தது தெரிகிறது, அதன் சத்தம் வரவில்லை. சட்டையின் கைகளை முதலில் உள்ளே மடித்து, உள்ளங்கையால் இரண்டு தடவை நீவிவிட்டுத்தான் அடுத்த மடிப்புக்குப் போவாள். இது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. கடைசி இரண்டு பேருக்கு அவளைத் தெரியாது. அவள் போனபோது ஒருவனுக்கு இரண்டு வயது, இன்னொருத்திக்கு மூன்று. அந்த வயதில் பார்த்தது யாருக்கும் தங்குவதில்லை. பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவளை நேரில் பார்த்த நினைவுள்ளவர்கள் இன்று நாங்கள் மூன்று பேர்தான். மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தாலும் அவள் பேச்சு வராது.

பாட்டி எங்களில் ஒருவரைக் கூப்பிட்டால் எல்லோர் பெயரையும் வரிசையாகச் சொல்லிக் கடைசியில்தான் சரியான பெயருக்கு வருவாள், நீ கேட்டுச் சிரித்திருக்கிறாய் என்று எழுத வந்தேன். இல்லை, நீ கேட்டிருக்க முடியாது. தங்கச்சி போன சில நாள் கழித்து என்னைக் கூப்பிட வாயெடுத்து, அந்த வரிசையில் அவள் பெயர் வந்ததும் பாட்டி நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "டேய்", "ஏய்", "இந்தா". நீங்கள் எல்லோரும் பாட்டிக்கு மறதி என்று நினைத்தீர்கள்.

இப்போது சொல்லவேண்டியதற்கு வருகிறேன்.

அவளுக்கும் அப்போது ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. அவளுக்குக் கையெழுத்துப் பழக்கும் வேலையை உன் தாத்தா என்னிடம் கொடுத்திருந்தார். இரட்டைக்கோடு நோட்டில் மணிமணியாக எழுதிக்கொண்டிருந்தவள், சில நாட்களுக்குள் கோட்டுக்கு மேலேயும் கீழேயும் இழுத்துக் கிறுக்க ஆரம்பித்தாள். 'ழ' எழுதினால் அதன் வால் பக்கத்து வரியில் போய் முடியும். கையில் இருப்பது நழுவும். உட்கார்ந்த இடத்தில் தோளை வெட்டுவாள், முகத்தைச் சுளிப்பாள், திட்டினால் உடனே அழுவாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நான் முடிவு கட்டினேன். மர ஸ்கேலால் விரல் கணுக்களில் அடித்தேன். ஒருநாள் இல்லை, தினமும். அவள் முகம் சுளிப்பதைப் போலவே நானும் சுளித்துக் காட்டுவேன், மற்றவர்கள் சிரிப்பார்கள். அந்தப் போட்டோ எடுத்தது அந்த மாதத்தில்தான். அசையாமல் நில், அசையாமல் நில் என்று போட்டோ எடுக்க வந்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லோரும் கல் மாதிரி நிற்கிறோம். அவள் கை மட்டும் கலைந்து புகை மாதிரி விழுந்திருக்கிறது. படம் கெட்டுவிட்டது என்று சொல்லி, சட்டம் போடும்போது அந்த ஓரத்தை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

நான்கு மாதத்தில் அது தானாக நின்றுவிட்டது. கையெழுத்து பழையபடி வந்தது. என் அடியில்தான் திருந்தினாள் என்று தாத்தா எல்லோரிடமும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குத் தொண்டை வலி வந்து போனது, அப்புறம் காய்ச்சல். முழங்கால் வீங்கியது, அது வடிந்து கணுக்காலுக்குப் போனது, அங்கிருந்து மணிக்கட்டுக்கு. பிறகு படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, "இதற்கு முன்னால் மூட்டு வலி, இல்லை கை கால் தானாக உதறுவது, அந்த மாதிரி ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். "அப்படி ஒன்றும் இல்லை" என்றார் தாத்தா. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது நினைவில் இல்லை. நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. சொன்னால் அடித்ததையும் சொல்ல வேண்டும். நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வாரத்தில் அவள் போய்விட்டாள்.

சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று நான் எழுதவில்லை. அதற்குள் இதயத்தின் வால்வு கெட்டுவிட்டது. ஆனால் முதல் தடவையே, அந்த ஒன்பது வயதில், யாராவது இது நோய் என்று கண்டிருந்தால்? அதைத்தான் இன்றுவரை என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

நீ பிறந்து இரண்டு வருஷம் கழித்து, ஓர் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்துத்தான் அதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர் தெரிந்தது. அன்றிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தொண்டையில் ஒரு கிருமி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சில பிள்ளைகளுக்குத் தன் மூட்டையும் இதயத்தையும் மூளையையுமே தாக்கிவிடுகிறது. 5 வயதிலிருந்து 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். மூட்டு வலி இரண்டு மூன்று வாரத்தில் தெரிந்துவிடும். கை உதறல் வருவதற்கு மாதங்கள் ஆகும், அதற்குள் தொண்டை வலித்ததையே எல்லோரும் மறந்திருப்பார்கள். அந்த உதறல் பெண் பிள்ளைகளுக்குத்தான் கூடுதல். சிடன்ஹாம் என்ற மருத்துவர் 1686இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார், டம்ளரை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கை எங்கெங்கோ சுற்றி வரும் என்று. அதைப் படித்த இரவு உன் அம்மா என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

உங்கள் இருவருக்கும் தொண்டை வலித்தால் அப்பா லீவு போட்டுவிடுவார் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். பத்து நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டதும் மிச்சத்தைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்தாய், நான் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். அன்று உன்னை அவ்வளவு கோபித்துக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அந்தப் பத்து நாளையும் முழுசாக முடித்தால் இந்த நோய் வராமல் தடுக்கலாம் என்பதால்தான்.

குட்டிக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து கெட்டுப்போக நூறு காரணம் இருக்கலாம், பெரும்பாலும் ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று செய். அவளை எதிரில் உட்காரவைத்து, உன் இரண்டு விரலை அவள் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல். பிடி ஒரே மாதிரி நிற்கிறதா, இல்லை இறுகித் தளர்ந்து, இறுகித் தளர்ந்து வருகிறதா என்று பார். நாக்கை நீட்டச் சொல், நீட்டியபடி வைத்திருக்க முடிகிறதா, உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று பார். ராத்திரி தூங்கும்போது கை அமைதியாக இருக்கிறதா என்று பார், இந்த உதறல் தூக்கத்தில் நின்றுவிடும். எப்படி இருந்தாலும் டாக்டரிடம் காட்டு. கடந்த ஆறேழு மாதத்தில் தொண்டை வலி வந்ததா என்று யோசித்து வைத்துக்கொள். இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேள். ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, நெஞ்சில் சத்தம் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் எக்கோ வேண்டும் என்று கேள், உதறல் வருகிற நேரத்தில் ரத்தத்தில் அடையாளம் மறைந்திருக்கலாம். கண்டுபிடித்துவிட்டால் மருந்து இருக்கிறது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி, பல வருஷத்துக்கு, விடாமல். அது மறுபடி வராமல் காக்கும். தங்கச்சிக்கு அந்த ஊசி ஒன்றுகூடப் போடவில்லை.

அதுவரை அவளைத் திட்டாதே. டம்ளர் விழுந்தால் விழட்டும். கையெழுத்துக்காக உட்காரவைக்காதே. திட்டினால் உதறல் கூடும், அவளுக்கே ஏன் என்று தெரியாது. திட்டாதே அம்மா. டாக்டரிடம் காட்டு. இதை ஏற்கனவே எழுதிவிட்டேன் என்று தெரியும்.

அவளைக் கூப்பிட்டு எனக்காக ஒன்று கேள். தோள் வலிக்கிறதா, முழங்கால் வலிக்கிறதா என்று. தங்கச்சியிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்காதே. எந்த நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா

பின்குறிப்பு: நேற்று போட்டோவைச் சட்டத்திலிருந்து எடுத்தேன். மடங்கிக் கிடந்த ஓரத்தை நிமிர்த்திவிட்டேன், அவள் இரண்டு தோளும் இப்போது தெரிகிறது. பின்னால் எல்லோர் பெயரும் தாத்தா கையெழுத்தில் இருக்கிறது, அவள் பெயரும் இருக்கிறது, ஆறாவதாக. இதோடு அதையும் படமெடுத்து அனுப்பச் சொல்கிறேன். குட்டியிடம் காட்டும்போது பக்கத்து வீட்டுப் பெண் என்று சொல்லாதே.