நான்காவது சீசனை ஒரேயடியாகத் தள்ள வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

'தி ஃப்ளாஷ்' என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ டிவி தொடரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியவர், முதல் மூன்று சீசன் போதும், அதற்கு மேல் பார்ப்பது நேர விரயம் என்று முடித்துவிட்டார். இங்கே செம்பூரில் நானும் என் மகனும் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு எபிசோடாக ஒன்பது சீசனையும் பார்த்து முடித்தவர்கள். நான்காவது சுமார் ரகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணம் சரியில்லை.

வில்லன் ஓடாததுதான் குறை என்கிறார். முதல் மூன்று சீசன் வில்லன்களும் கதாநாயகன் பேரியைப் போலவே மின்னல் வேகத்தில் ஓடுகிறவர்கள். (மூன்றாமவன் பெயர் சவிட்டார். காயத்ரி மந்திரத்தில் வரும் சவிதாவின் பெயர்தான் அது என்று சொன்னபோது மகன் நம்பவில்லை.) நான்காவதில் வரும் டிவோ ஒரு பேராசிரியர். நாற்காலியோடு நாற்காலியாக இருப்பவர், மூளைதான் ஆயுதம். எங்களுக்கு அந்த மாற்றம் பிடித்தே இருந்தது.

கோளாறு வேறு இடத்தில். 2017 அக்டோபரிலிருந்து அடுத்த மே வரை 23 எபிசோட். ஒரு பஸ்ஸில் போன 12 பேருக்குச் சக்தி வந்துவிடுகிறது. டிவோ ஒவ்வொருவராகப் பிடித்து அதைப் பறிக்கிறார். இதை ஜவ்வாக இழுத்தார்கள். நடக்கப்போவதை எல்லாம் முன்கூட்டியே கணித்துவிடும் வில்லன் என்பதால் பேரியின் ஆட்கள் வாராவாரம் ஏமாந்துதான் ஆகவேண்டும்.

ஆனால் பத்தாவது எபிசோடைப் பாருங்கள். டிவோவைக் கொன்றதாகப் பேரி மேல் பழி விழுந்து ஆயுள் தண்டனை ஆகிறது. செய்யாத கொலைக்காக அப்பா பல வருஷம் கிடந்த அதே சிறை அறையில் மகனை அடைக்கிறார்கள். சுவரில் அப்பா கீறி வைத்த அவர் பெயர். பேரி நினைத்தால் சுவரை ஊடுருவி நொடியில் வெளியே போகலாம். போகாமல் இருக்கிறான். என் மகன் டிவியை அணைத்துவிட்டு வெகுநேரம் பேசவே இல்லை. அப்புறம் மூன்றே எபிசோடில் பேரி விடுதலை! பஸ் ஆட்களுக்குக் கொடுத்த வாரங்களில் பாதியை அந்தச் சிறைக்குக் கொடுத்திருக்கக் கூடாதா? அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பதினைந்தாவது எபிசோடும் தவறவிடக் கூடாததுதான். அணுகுண்டு வெடிக்கும் ஒரு கணத்துக்குள்ளேயே ஏறக்குறைய முழுக் கதையும் நடக்கிறது. ஊரே சிலையாக நிற்க, பேரி ஒவ்வொருவராகத் தன் வேகத்துக்குள் இழுத்து யோசனை கேட்கிறான். கூட ஓடிய ஜெஸ்ஸியும் வயதான ஜேயும் சோர்ந்து நின்றுவிடுகிறார்கள். இனி முடியாது என்று அவன் மனைவி ஐரிஸிடம் வரும்போது, வழி சொல்வது அவள்தான்.

புதிதாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எபிசோடையாவது சொல்லுங்கள். மூன்றோடு நிறுத்திக்கொண்டால் அவர்களுக்கு இவை கிடைக்காமலே போய்விடும்.

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை