அக்காவுக்கு, அந்தக் கண்ணாடிக் குழாயைப் பற்றி

அன்புள்ள அக்கா,

பாப்பாவுக்கு இன்றைக்கு ஒரு வயது. போன் பண்ணினால் நீ எடுக்கமாட்டாய், அதனால் இங்கே எழுதுகிறேன். யார் யாரோ படிப்பார்கள். எந்த ஊரில், எந்தக் கம்பெனியில் இருக்கிறேன் என்பது இதில் இருக்காது. மச்சான் பேசியதும் இருக்காது.

என் வேலை சுண்டெலிகளை வைத்துச் சோதனை செய்யும் இடத்தில் என்று தெரிந்ததும் நீ பேசியது இருக்கும். "அந்தக் கையோட பிள்ளையத் தூக்காதடி."

சுருட்டை விரியன் பாம்பு உன்னைக் கடித்த ராத்திரியை நீயே ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். உச்சிப்புளிப் பக்கம் கருவேலங்காடு, விறகு, பைக், காலில் இறுக்கிக் கட்டிய கயிறு. நீ பார்க்காதது ஒன்று உண்டு. நீ சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாய். டாக்டர் உன் ரத்தத்தைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசைமேல் நிறுத்தி, "20 நிமிஷம் யாரும் தொடக் கூடாது" என்றார். நான் கடிகாரத்தையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன். நேரம் ஆனதும் சாய்த்தார். தண்ணீர் மாதிரி ஓடியது. விரியன் விஷம் ஏறினால் ரத்தம் உறையாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. உன் ஈறில் கசிவது மட்டும் தெரிந்தது. குப்பி குப்பியாக விஷமுறிவு மருந்துப் பொடியைக் கரைத்து டிரிப்பில் ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு குழாய். விடியற்காலையில் அதைக் கவிழ்த்தபோது ஒரு சொட்டு விழவில்லை. உள்ளேயே உறைந்து நின்றது. நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். நீ தூங்கிவிட்டாய்.

அந்த மருந்தைக் குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு பேட்ச்சையும் விஷத்தோடு கலந்து சுண்டெலிகளுக்கு ஏற்றி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று 18, 20 கிராம்தான் இருக்கும். உள்ளங்கையில் வைத்தால் சூடு தெரியும். சில பிழைக்காது. நான் பார்ப்பது அந்த வேலை, இல்லை அதை ஒத்த வேலை. இதற்குமேல் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பாவமில்லை என்று உன்னிடம் வாதாட வரவில்லை. கூண்டு மாற்றுகிறேன், எடை பார்க்கிறேன். ஒன்று முடி சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் ஒடுங்கினால் டாக்டரைக் கூப்பிட்டு "இதுக்குமேல வேண்டாம் சார், முடிச்சிடலாம்" என்று சொல்வது நான்தான். சோதனை நேரம் முடியும்வரை தவிக்கட்டும் என்று விடுவதில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது. காலையில் திரும்பப் போகிறேன். அதைச் சொல்ல அந்த அறையில் ஓர் ஆள் வேண்டும் அக்கா.

மறைத்தது தப்பு. மூன்று வருஷம் "மாட்டாஸ்பத்திரி மாதிரி" என்றே சொல்லிவந்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு, மண்டபத்துக் கடலில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்து நீ கட்டிய ஃபீஸில் படித்தவள் நான். உன்னிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது. மன்னித்துக்கொள்.

ஆனால் மாதாமாதம் பணம் அனுப்புவது எந்தக் கை? உன் பிரசவச் செலவைக் கட்டியது எந்தக் கை? அப்போது வேண்டாமென்று ஒரு வார்த்தை சொன்னாயா?

இதை எழுதியிருக்க வேண்டாம். அழிக்கவும் மனசில்லை.

வேலையை விட்டுவிடலாமா என்று ஒரு வருஷமாக யோசித்தேன். விடப்போவதில்லை.

ஜூன் 14-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. மச்சான் போட்டில் ஏறிய பிறகு வருகிறேன். பிள்ளையைத் தூக்கவா என்று கேட்கமாட்டேன். பாயில் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்க விடு.

உன் தங்கச்சி